கையில்லாத நாற்காலி

கல்லங்குறிச்சி ரோடு,
அரியலூர்.
8.2.2004, ஞாயிறு

கடல் கடந்து போய் ரியாத் பட்டணத்தையே ஊசி முனையில் நிறுத்தி வைத்திருக்கும் என் அருமை மகள், நர்ஸம்மா கலையரசிக்கு, உன் சித்தப்பன் தங்கராசு எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உன் சித்தி மருதாயி, என்னைத் திட்டும் அளவுக்குச் சுகம். உன் அம்மா, முழங்கால் வலி போக மிச்சமெல்லாம் சுகம். வெள்ளாடுகள் தேவைக்கு மேலேயே சுகம், போன வாரம் உன் சித்தியின் புதுப்புடவையில் பாதியைத் தின்றும் ஒன்றுக்கும் வயிறு வலிக்கவில்லை, மீதிப் பாதியை எப்போது காயப் போடுவாள் என்று கொடியையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. உன் சுகத்துக்குக் கல்லங்குறிச்சிப் பெருமாள் பொறுப்பு, அவரிடம் நேரில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தச் சுகம் விசாரிப்பில் ஒரு பெயர் விட்டுப்போயிருப்பதை நீ கவனித்திருப்பாய். மறந்து விடவில்லை மகளே. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

ஏன் நேராக எழுதாமல் சுற்றுகிறான் இந்தச் சித்தப்பன் என்று கோபப்படாதே. தை பிறந்த கையோடு உன் அப்பா, என் அண்ணன் சாமிதுரை, என்னைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்து, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிட்டார். 'டேய், அவளுக்குக் கடுதாசி போடுறப்ப என் நோவப் பத்தி ஒரு எழுத்து இருக்கக் கூடாது. அவ அங்க எத்தனையோ பேருக்கு மூச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கா. என் ஒரு மூச்சுக்காக அவள இழுத்துட்டு வரக் கூடாது. காண்ட்ராக்ட் முடிஞ்சு தானா வரட்டும்' என்றார். நானும் அடித்துக் கொடுத்தேன். கண்டக்டர் உத்தியோகத்தில் சில்லறை இல்லை என்று ஒரு கோடிப் பொய்ச் சத்தியம் பண்ணிய கைதான் இது. ஆனால் இந்தத் தடவை அவர் பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டார், மீற எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகையால் நோவைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுத மாட்டேன். நாற்காலியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாற்காலியைப் பற்றி எழுதக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. நீ நர்ஸ். நாற்காலிக் கதையை நர்ஸ் கண்ணால் படித்துக்கொள்.

கார்த்திகையில் நீ போட்ட கடிதத்தில், உங்கள் பெரிய டாக்டரம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனதையும், அங்கே ஹாலில் நூறு வருஷத்துக் கிழட்டு நாற்காலி ஒன்று, நடுவயசு நாற்காலி ஒன்று, நேற்றுப் பிறந்த நாற்காலி ஒன்று என்று ஒன்றுக்கொன்று சொந்தமோ பந்தமோ இல்லாமல் போட்டிருந்ததையும், அது அவ்வளவு அழகாக இருந்ததையும், நம் புது வீட்டு ஹாலுக்கும் அதே மாதிரி மூன்று சைடு சேர் பார்த்து வாங்கிப் போடும்படியும் எழுதியிருந்தாய். நம் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு நாற்காலி எடுத்தால் அப்படித்தான் வந்து இறங்கும், அதற்கு அழகு என்று பெயர் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. உன் கடிதம் வந்த அன்றே சைடு சேர் என்றால் என்ன என்று நம் தெருவில் உலக மாநாடு கூடிற்று. மருதாயி, செவுத்து ஓரமாப் போடுறது என்றாள். நான் ஆயுசு முழுக்கப் பஸ்ஸில் சைடு சீட்டுத் தகராறு தீர்த்து வைத்தவன் ஆயிற்றே, சைடில் ரெண்டு பக்கமும் கை வைத்த நாற்காலிதான் சைடு சேர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அப்பீல் கிடையாது. கையே இல்லாத நாற்காலிக்குத்தான் வெள்ளைக்காரன் அந்தப் பெயர் வைத்திருக்கிறான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இந்தப் பிசகை மனதில் வைத்துக்கொள், வேண்டியிருக்கும்.

முதலில் கிழட்டு நாற்காலி. உடையார்பாளையம் பக்கம் ஒரு மிராசு வீட்டை இடித்து, தூண் ஒரு வியாபாரிக்கு, கதவு ஒரு வியாபாரிக்கு என்று பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றேன். ரெண்டு கையிலும் சிங்கத் தலை, முதுகில் மயில், நாலு காலும் யானைக் கால், உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். இலங்கையிலிருந்து ராவணன் சிம்மாசனம் தப்பித்து வந்து அங்கே ஒளிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தூக்கி டெம்போவில் ஏற்றியவர்களுக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை. வீட்டில் இறக்கியதும் உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். யாரு வூட்டு நாற்காலிடா என்றார். சொன்னேன். அந்த வீட்டு வாசலில்தான் நாங்கள் சின்னதில் நெல் மூட்டை இறக்கிவிட்டுக் கூலிக்கு நிற்போம், உட்கார்ந்த பழக்கம் கிடையாது. உன் அப்பா மெள்ள உட்கார்ந்தார். சிங்கத்தின் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். 'தங்கராசு, இதுல உக்காந்தாலும் நிக்கிற மாதிரியே இருக்குடா' என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் எழுந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பின்னால் சாய்ந்தால் நெஞ்சு அடைக்கிறது. முன்னால் குனிந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, சிங்கத் தலை ரெண்டும் விலாவில் இடிக்கிறது. நீ ஆசையாக வாங்கிப் போட்ட தேக்குக் கட்டிலில் இப்போது உன் அம்மா புளி காய வைத்திருக்கிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. படுக்க முடிவதில்லை. கட்டிலைப் பற்றி எழுதக் கூடாது என்றும் சத்தியம் இல்லை.

அடுத்து ஒரு நாற்காலியைத் திருச்சியில் பார்த்தோம். வாங்குவதற்கு இல்லை. அது கறுப்பு ரெக்ஸின் போட்ட சுழல் நாற்காலி, அதில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். உன் அப்பாவை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் உன் அம்மாவும் உள்ளே போனோம். டாக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுழன்று, சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மகளே, அவ்வளவு விலை கொடுத்துச் சுழல் நாற்காலி வாங்கிய மனுஷன் எங்கள் பக்கம் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் திரும்பி, குவாரியில எத்தனை வருஷம் வேலை பாத்தாரு என்று கேட்டார். கல்லில் துளை போடும் வேலை, கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து என்று உன் அம்மா சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். 'வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. அவருக்கு எப்படி உக்காந்தா சௌகரியமோ அப்படி உக்கார வைங்க' என்றார். சீட்டில் மாத்திரை எழுதினார்தான், ஆனால் மருந்தாக அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். உக்கார வைங்க. உன் அம்மா வாசல் வரைக்கும் அழவில்லை. வாசலில் உன் அப்பா பெஞ்சின் நுனியில் ரெண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். என்னடா சொன்னான் என்று கேட்கவில்லை. 'வண்டிய லப்பைக்குடிக்காட்டுக்கு விடச் சொல்லு. கலையரசி கேட்ட புது நாற்காலிய இன்னும் பாக்கலல்ல' என்றார்.

வாடகைக் கார் லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தது. உனக்குத் தெரியுமே, அந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் துபாயில் இருக்கிறான், வீட்டுக்கு மூன்று நாற்காலி ஆளில்லாமல் இருக்கிறது. நூருத்தீன் பாய் கடையில் நாற்காலிகள் கோபுரம் மாதிரி அடுக்கி நிற்கின்றன, மேல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் மெக்கா தெரியும். கடைக்கு நாலு படி. நான் பாயிடம் சலாம் போட்டு, துபாய் ஷேக்கு உட்காருவதை எடுத்துக் காட்டுங்க என்று அளந்துகொண்டிருந்தபோது, உன் அப்பா படி ஏறி வந்தவர் நின்றுவிட்டார். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கைக்கு எட்டிய முதல் நாற்காலியைப் பிடித்தார். அது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. திருப்பிப் போட நேரமில்லை. அப்படியே குதிரையில் ஏறுவது மாதிரி ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, நாற்காலியின் முதுகைக் கட்டிப்பிடித்து, நெஞ்சை அதன் மேல் சாய்த்து, தாடையை மேல் விளிம்பில் வைத்துவிட்டார். பாய் பதறி ஓடி வந்து, 'அய்யா, நேராவே உக்காரலாம், நாற்காலி எங்கயும் ஓடிடாது, இறக்கி விடவா' என்றார். உன் அப்பா ஒரு விரலைத் தூக்கினார், இரு என்று. நாங்கள் இருந்தோம். மெள்ள மெள்ள அவர் தோள் இறங்கியது. உதட்டின் நீலம் போயிற்று. கண்ணை மூடினார். மகளே, உன் அப்பா தூங்கிவிட்டார். தீபாவளியிலிருந்து ஒழுங்காகத் தூங்காத மனுஷன், ஒரு கடையின் நடுவில், நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். பாய் ஷட்டரைப் பாதி இறக்கி, வெயிலும் பஸ் சத்தமும் வராமல் பண்ணிவிட்டு, தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். வந்த பிறகும் தூக்கம். எதிரே உட்கார்ந்துகொண்டு என்னிடம் மெதுவாக, 'கை வச்ச சேரா இருந்தா இப்படித் திருப்பி உக்கார முடியாதுங்க. இது சைடு சேரு, கை கிடையாது, அதான்' என்றார். என் தீர்ப்பு அங்கேதான் தள்ளுபடி ஆயிற்று. நீ ஏதோ அழகுக்காக எழுதிய வார்த்தை, கலையரசி. அது உன் அப்பாவுக்குத் தூக்கமாகிவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி முன்னால் சாய்ந்து உட்காருகிறவர்களை நீ பார்த்திருப்பாய். அதற்கு ஏதாவது பெயர் இருக்கும். எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. நாங்கள் நாற்காலி என்றுதான் சொல்கிறோம்.

அந்த நாற்காலியையே வாங்கி வந்தோம். எவர்சில்வர் கால், வெள்ளை ரெக்ஸின், முதுகு உயரமோ உயரம், பனை மரத்துக்கே தாழ்வு மனப்பான்மை வந்துவிடும். ஆனால் அது கடையில் இருந்த குணத்தை வீட்டில் காட்டவில்லை. நீ போடச் சொன்ன வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் எவர்சில்வர் கால் சறுக்குகிறது. உன் அப்பா பாரத்தை முன்னால் போட்டுச் சாய்கிறாரா, அது ஒவ்வொரு இஞ்சாக நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் மத்தியானம் முழுசாக முன்னால் கவிழ்ந்துவிட்டது. உன் அம்மா கொல்லையில் இருந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தால், அவர் நாற்காலியைக் கட்டிப்பிடித்தபடியே தரையில் கிடக்கிறார். உதடு கிழிந்துவிட்டது, முன்பல் ஒன்று ஆடுகிறது. தூக்கி நிறுத்தினால், 'பாரு, நான் விட்டாலும் இது என்னைய விட மாட்டேங்குது' என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் சிரிப்பு வராமல் நான் இருந்த நாள் அது ஒன்றுதான், உன் சித்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து உன் அம்மா, அவர் சாயும்போதெல்லாம் நாற்காலிக் காலுக்கு எதிரே தன் முதுகை முட்டுக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். அவளும் தூங்குவதில்லை. இப்படியே போனால் ரெண்டு பேரையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையில்லாமல் இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், சறுக்கக் கூடாது, முதுகு நெஞ்சுக்குச் சரியாக வர வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறை, பெரம்பலூர் என்று நான் அலையாத இடமில்லை. போன இடமெல்லாம் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். கண்டக்டர் தங்கராசுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஒரு ஜில்லா முழுக்கப் பேச்சு. அரியலூர் ஜில்லா என்று நமக்கு ஒன்று கொடுத்து மறு வருஷமே பிடுங்கிக்கொண்டார்கள், அதனால் எந்த ஜில்லா என்று என்னிடம் கேட்காதே.

கடைசியில் அது கண்ணெதிரே கிடைத்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அய்யம்பெருமாள் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டான், இனிமேல் ஆளை நிற்க வைத்துப் பின்னால் தாஜ்மகாலைத் தானே ஒட்டிக்கொள்வானாம், அதனால் பழைய நாற்காலியைக் கழித்துவிடப் போகிறேன் என்றான். நீ பார்த்திருக்கிறாய். முதுகு வில் மாதிரி வளைந்த, கையில்லாத, கறுத்துப் போன மர நாற்காலி. என் கல்யாணப் போட்டோவில் மருதாயி அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் பக்கத்தில் ஜமீன்தார் மாதிரி நிற்கிறேன். நான் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். வளைவு நெஞ்சுக்கு அளவெடுத்த மாதிரி வந்தது. தூக்கிப் பார்த்தேன், கனம். இதுதான் என்றேன். அய்யம்பெருமாள் தலையைச் சொறிந்தான். 'தங்கராசண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன், அப்புறம் சொல்லலன்னு சண்டைக்கு வராதீங்க. இது எழவு வூட்டுக்கெல்லாம் போயிட்டு வந்த நாற்காலி' என்றான். உனக்குத் தெரிந்ததுதான். இறந்தவரை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு, கடைசியாக ஒரு போட்டோ எடுப்போமே. அப்போதெல்லாம் நம் தெருவில் நாற்காலி உள்ள வீடு ஒன்றுகூடக் கிடையாது. இரவல் கேட்டால் நமக்குக் கொடுக்கிற வேறு தெருவும் இல்லை. அய்யம்பெருமாளின் அப்பா கேமராவோடு இந்த நாற்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். 'உங்க அப்பாவையும் இதுலதான் உக்கார வச்சோம்' என்றான். தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்துவிட்டேன். நம் வீட்டில் மாட்டியிருக்கும் உன் தாத்தா படம், அவருக்கு இருக்கும் ஒரே படம், அதில் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு இருப்பாரே, அது அவர் கண் இல்லை கலையரசி. மூடிய கண்ணுக்கு மேல் அய்யம்பெருமாளின் அப்பா மையால் வரைந்த கண்.

வேண்டாம் என்று வந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் உன் அம்மா முதுகு முட்டுக் கொடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சந்தையில் வாங்கினேன் என்று ஒரு பொய் தயார் பண்ணி, அதற்கு ரெண்டு சாட்சியும் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. உன் அப்பா நாற்காலியைப் பார்த்தார், தலையைத் திருப்பிச் சுவரில் உன் தாத்தா படத்தைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். படத்தில் தாத்தாவின் தோளுக்கு மேலே அந்த வில் வளைவு தெரிகிறது. உன் அம்மாவும் பார்த்துவிட்டாள். 'அய்யய்யோ, இத ஏன் வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க, தூக்கிட்டுப் போங்க' என்று அலறிவிட்டாள். மருதாயி என்னைச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது, தபால்காரர் படித்தால் வேலையை விட்டுவிடுவார். உன் அப்பாதான் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். காலைப் போட்டுத் திரும்பி உட்கார்ந்தார். கட்டிப்பிடித்தார். தாடையை வைத்தார். அசையவில்லை, சறுக்கவில்லை. 'விடு இருசம்மா' என்றார். 'இதுக்குப் பழக்கம் இருக்கு. எத்தனை பேரத் தாங்கியிருக்கு. என்னையவா தள்ளி விட்டுடப் போவுது.' அவ்வளவு சொல்வதற்கே அவருக்கு நாலு தடவை நின்று நின்றுதான் வந்தது. அப்புறம் தூங்கிவிட்டார். உன் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய புடவையை மடித்துத் தைத்து அந்த வளைவின் மேல் மெத்தை கட்டினாள். கட்டும்போது தாத்தா படத்தைப் பார்க்கவில்லை.

ஆக, உன் உத்தரவுப்படி மூன்று நாற்காலியும் ஹாலில் போட்டாயிற்று. ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, உங்கள் டாக்டரம்மா வந்து பார்த்தால் பொறாமையில் பொசுங்கிப் போவாள். சிங்க நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன், மிராசு வம்சம் மொத்தமும் சொர்க்கத்தில் எழுந்து நிற்கட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிறேன். வெள்ளை நாற்காலியில் வருகிறவர்களை உட்கார வைக்கிறோம். நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது நாற்காலி சம்பந்தப்பட்டது இல்லை என்பதால் எழுதவில்லை. ஸ்டுடியோ நாற்காலியை, வீட்டு நாற்காலி வாசலைப் பார்த்துத்தான் இருக்கணும் என்று உன் அப்பாவே முறையாகப் போடச் சொன்னார். அவர் அதில் திரும்பி உட்காருவதால் அவர் முகம் உள்சுவரைப் பார்த்து இருக்கிறது. அந்தச் சுவரோரம்தான் போன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணுவாய் என்று அவர் மத்தியானத்திலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, தண்ணி வேண்டும் என்றாலும் சைகைதான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, நீ கூப்பிட்டதும், நல்லாருக்கியாம்மா, சாப்பிட்டியா, நாற்காலி வந்துருச்சும்மா, சரி வச்சுரு என்கிறார். போன தடவை நீ, ஏம்ப்பா என்கிட்ட மட்டும் இவ்வளவு சுருக்கமாப் பேசுறீங்க என்று கோபித்துக்கொண்டாயாம். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது மகளே.

நாற்காலிகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய் அல்லவா, அய்யம்பெருமாள் புதுக் கேமராவோடு வந்தான். இத்துடன் ரெண்டு படம் வைத்திருக்கிறேன், சிங்கம் ஒன்று, வெள்ளை ஒன்று. மூன்றாவது நாற்காலியின் படம் இல்லை. அது காலியாக இருக்கும் நேரமே கிடையாது. கொஞ்சம் எழுந்துக்குங்கண்ணே, ஒரு நிமிஷம் என்று அய்யம்பெருமாள் கேட்டான். உன் அப்பா தலையைத் தூக்காமலே, 'அவசரப்படாதடா, நீ எடுக்கத்தான் போற' என்றார். அவன் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, காப்பியும் குடிக்காமல் போய்விட்டான். அவன் போன பிறகு உன் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். 'தங்கராசு, அன்னைக்கு மட்டும் என்னைய நேரா உக்கார வச்சுருடா. வர்றவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கக் கூடாது' என்றார். நான், அன்னைக்கு நீ சொல்லி நான் கேக்கவா போறேன், சிங்க நாற்காலியில ஏத்தி ஊரக் கூட்டிப் பட்டாபிஷேகமே பண்ணிப்புடுறேன் என்று உளறினேன். அவர் சிரிக்கவில்லை. 'இதுலயேதான்' என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, 'கண்ண வரைய விட்டுடாத. கலையரசி பாத்தா பயந்துக்குவா' என்றார். மகளே, நான் ஆயிரம் பேர் இருக்கும் பஸ்ஸில் படியில் தொங்கியவனையெல்லாம் பேசியே உள்ளே தள்ளியவன். அன்றைக்கு அவர் தோளில் நழுவிய துண்டைச் சரி பண்ணத்தான் எனக்குத் தெரிந்தது.

நோவைப் பற்றி எழுத மாட்டேன் என்று சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன், பெருமாள் சாட்சி. ஆனால் வா என்று எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. அதை அவர் கேட்க மறந்துவிட்டார். வா. காண்ட்ராக்ட் நடுவில் விட மாட்டார்கள், பாஸ்போர்ட் அவர்கள் ஆபீஸில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் மேட்ரனுக்கு, லப்பைக்குடிக்காட்டுக் கடையில் அவர் தூங்கிய இடத்தை மட்டும் வாசித்துச் சொல். அவளும் நர்ஸ்தானே, அவளுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. பங்குனியில் கல்லங்குறிச்சித் தேர், அதற்கு வருகிறேன் என்று தள்ளிப் போடாதே. தேர் வரும். மெட்ராஸில் இறங்கியதும் திருச்சிப் பக்கம் போகும் எந்த ரயில் கிடைக்கிறதோ அதில் ஏறு, எந்த ரயில் வந்தாலும் அரியலூர் ஸ்டேஷனில் நான் நிற்பேன், நிற்காத ரயிலையும் துண்டைக் காட்டி நிறுத்துவேன். நான் எழுதினேன் என்று சொல்லாதே. நாற்காலி பார்க்க வந்தேன் என்று சொல். பொய்யும் இல்லை.

உன் அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், அவளுக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. மருதாயிக்குத் தெரியும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆட்டுக்குத் தழை போடுகிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, வழியில் அழுதுகொண்டே வராதே, பக்கத்தில் இருப்பவர்கள் ஆயிரம் கேட்பார்கள். என் மகள் நீடூழி நல்லா இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசலிலிருந்து நேராக ஹாலைப் பார். உன் அப்பாவின் முதுகு தெரிந்தால் நீ நேரத்துக்கு வந்துவிட்டாய். முகம் தெரிவதற்கு முன்னால் வந்துவிடு.

இப்படிக்கு,
சிங்க நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதும்
உன் சித்தப்பன்,
தங்கராசு